படையலில் வைத்த நட்டு

சுகுமாறன் வீட்டுக் கார் போர்ச்சிலிருந்து கறுப்பு எண்ணெய் வழிந்து, கேட்டைத் தாண்டி, சாக்கடை வரைக்கும் போயிருந்ததை முதலில் பார்த்தது நான்தான். பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? எதிர்வீடு. கிள்ளானில் எங்கள் தாமான் வீடுகளைக் கட்டியவன் ரோட்டுக்கு இடம் விட மறந்துவிட்டான். அவர்கள் வீட்டில் கருவாடு பொரித்தால் என் வீட்டில் வெறும் சோறே இறங்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துச் சூராப் பள்ளிவாசலில் விடியற்காலைப் பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. குப்பைப் பையோடு வெளியே வந்தவள், தெருவிளக்கில் ஏதோ பளபளக்கிறதே என்று கிட்டே போனேன்.

"மாதவி! ஏ மாதவி! வண்டி ஒழுகுது பாரு!"

கூப்பிட்ட உடனே கதவு திறந்தது. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பாள் போலிருக்கிறது.

"தெரியும்க்கா," என்றாள்.

தெரிந்தால் ஒரு துணியை எடுத்துப் போடாமல் ஏன் மரம் மாதிரி நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கண் வண்டியின் முன்சக்கரத்தில் இருந்தது. நானும் குனிந்து பார்த்தேன். டயருக்கு மேலே, அந்தச் சின்ன இடைவெளியில், என்ஜின் எண்ணெய்த் தொட்டியின் அடியை அடைக்கிற நட்டு இருந்தது. கழன்று விழுந்தது அங்கே போய் ஏறாது. யாரோ கழற்றி, ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து, நிற்க வைத்திருந்தார்கள்.

அப்படி வைக்கிற ஆள் ஒருவர்தான். அவர் மாதவியின் புருஷன் சுகுமாறன். அவருக்குக் கருமாதி முடிந்து அதிக நாள் ஆகவில்லை.

சுகுமாறன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தவர் அப்படியே போய்விட்டார். மாதவி காப்பியைக் கொண்டுவந்து வைத்து, ஆறிப் போகுதுங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொல்லியிருக்கிறாள். நல்ல மனிதர். குடியில்லை, கூத்தில்லை. பேச்சுமில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் அந்த ஜெர்மன் கார். பழைய வண்டியாக வாங்கி, எந்த வொர்க்‌ஷாப்காரன் கையும் படாமல் வைத்திருந்தார். எண்ணெய் மாற்றுவதெல்லாம் போர்ச்சில்தான். சில மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பாங்கு கேட்டால், மாற்ற வேண்டுமோ வேண்டாமோ, மனிதர் வண்டிக்கு அடியில் போய்விடுவார். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டுமாம். முன்சக்கரங்களை இரண்டு மரச் சாய்வுகளில் ஏற்றி நிறுத்துவார். ஒரு பலகைக்குத் தள்ளுவண்டிச் சக்கரம் பூட்டி வைத்திருந்தார். அதில் மல்லாந்து படுத்துக் காலால் உந்திக்கொண்டு உள்ளே போவார். அந்தச் சக்கரத்தில் ஒன்று க்ரீச் க்ரீச் என்று கத்தும். எல்லாச் சக்கரத்துக்கும் எண்ணெய் போடுகிறவர் அதற்கு மட்டும் போடமாட்டார். என் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போனது அதனால்தான்.

அந்த நட்டைப் பற்றி அவர் எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். அவர் நீளமாகப் பேசிக் கேட்டது அந்த ஒரு விஷயத்தில்தான்.

"ராஜம்மாக்கா, இத பாருங்க. மத்த வண்டிக்கெல்லாம் இரும்பு நட்டு. இதுக்கு பிளாஸ்டிக். ஆயில் தொட்டியே பிளாஸ்டிக்தான். கையால அமுக்கி அரைத் திருப்பு, டக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான். ஸ்பேனர் வச்சா உடைஞ்சிரும்."

"விளையாட்டு சாமான் மாதிரில இருக்கு."

"ஒரு தடவ கழட்டுனா தூக்கிப் போட்டுட்டு புதுசு போடணும்க்கா. ரப்பர் வளையம் அமுங்கிரும்."

"ஒரு தடவைக்கு ஒரு நட்டா? நல்லா விக்கிறானுங்க லா."

அவர் சிரித்துக்கொண்டே அடியில் போய்விட்டார். மாதவி காப்பியைக் கொண்டுவந்து அவர் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அவர்கள் குடும்பம் நடத்தியது அப்படித்தான். அவள் அவருடைய காலோடுதான் அதிகம் பேசியிருக்கிறாள்.

அவரை எரித்துவிட்டுப் பால் தெளித்த அன்று மத்தியானம் ஒரு கூரியர்காரர் வந்து, மலாயில் மரியாதையாக "என்சிக் சுகுமாறன்?" என்று கேட்டார். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். ஆள் இல்லை என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மாதவி எழுந்து போய்க் கை நீட்டி வாங்கினாள். பிரித்தால் உள்ளே ஒரே ஒரு கறுப்பு நட்டு. அடுத்த எண்ணெய் மாற்றத்துக்கு மனிதர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்.

கருமாதியன்று படையல் போட்டோம். ஆட்டு வறுவல், நெத்திலி சம்பல், அவருக்குப் பிடித்த கோழிக் கறி, என்றாவது குடிக்கிற ஸ்டௌட் பீர் ஒரு பாட்டில், எல்லாம் இலையில் வைத்தாயிற்று. மாதவி உள்ளே போய் அந்த நட்டை எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தாள்.

"ஏம்மா கிழிக்கற? அப்படியே வை," என்றாள் மகள் ஷாமினி.

"உறையோட குடுத்தா எப்படி எடுப்பாரு?" என்றாள் மாதவி.

நட்டை இலையின் நுனியில் வைத்து, அதற்கும் திருநீறு பூசி ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். சூடம் காட்டினோம். செத்தவர் வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் போர்ச்சில் நின்றோம். மறுபடி திறந்தபோது சோறு கறி எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. நட்டு மட்டும் இலையில் இல்லை. வாசல்படிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. ஃபேன் காற்று என்று ஒருவர் சொன்னார். ஃபேன் ஓடவில்லை. பசி நேரம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஷாமினிக்கு கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. தினமும் ஃபெடரல் ஹைவேயில் ஓட வேண்டும். அப்பா வண்டியையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். எண்ணெய் மாற்றிக் கொடுக்கச் சுகுமாறனின் தம்பி குரு ஒரு சனிக்கிழமை காப்பாரிலிருந்து வந்தான். லோரி ரிப்பேர் பார்க்கிறவன். பழைய எண்ணெயை வடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணி, படையல்ல வச்ச அந்த நட்டு எங்க? கொண்டாங்க."

மாதவி தயங்கினாள். "அது அவருக்குக் குடுத்தது குரு."

"படையல்ல வச்ச கோழிய நாமதானே சாப்ட்டோம்? ஸ்டௌட்ட நான்தானே குடிச்சேன்? புது சாமான் அண்ணி. வீணாவா போகணும்?"

கேட்கும்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. படையலில் வைத்ததை வீட்டார் எடுத்துக்கொள்வது வழக்கம்தானே. குரு நட்டைப் பூட்டினான். டக்கென்று சத்தம் கேட்டது. போகும்போது மரச் சாய்வுகளைச் சுவரோரம் சாத்திவிட்டு, அண்ணன் ஞாபகமாக இருக்கட்டும் என்று சக்கரப் பலகையைத் தன் லோரியில் போட்டுக்கொண்டு போனான். மறுநாள் விடியற்காலையில்தான் அந்த எண்ணெயைப் பார்த்தேன்.

குரு திரும்ப வந்தான். வண்டி தரையில்தான் நின்றது. அடியில் பூனை போகலாம், ஆள் போக முடியாது. அவனும் முட்டி போட்டுப் பார்த்தான், படுத்துப் பார்த்தான்.

"இத்தன வருஷத்துல நான் பூட்டுன நட்டு ஒண்ணு கழண்டதில்ல," என்றான். "சரியா உக்காரல போல."

"உக்காராத நட்டு டயர் மேல ஏறி உக்காருமா?" என்றேன் நான்.

"யாரோ விளையாடறானுங்க அக்கா."

பூட்டிய கேட்டுக்குள் வந்து யார் விளையாடுவது? குரு போய்ப் புது எண்ணெய் வாங்கி வந்தான். அதே நட்டைத் திரும்பப் பூட்டினான். திங்கள் முதல் சனி வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மறுபடியும் போர்ச் முழுக்க எண்ணெய். நட்டு டயர் மேல். மாதவி மரத்தூளைக் கொட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். குருவுக்குக் கோபம் வந்து, மேருவில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேறு புது நட்டு வாங்கி வந்து பூட்டினான். படையல் நட்டைக் குப்பையில் போடச் சொன்னான். அந்த ஞாயிறு எதுவும் ஆகவில்லை. தரை காய்ந்து கிடந்தது. சனியன் விட்டது என்று நான் மாதவியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் எனக்கு வேறொன்று கேட்க ஆரம்பித்தது. படுக்கையில் கிடக்கும்போது, பாங்கோடு பாங்காக, எதிர்வீட்டிலிருந்து க்ரீச் க்ரீச். பழக்க தோஷத்தில் "இந்த ஆளு தொல்லை பெரிய தொல்லை" என்று முனகிக்கொண்டு திரும்பிப் படுப்பேன். பிறகுதான், எந்த ஆள், பலகை காப்பாரில் அல்லவா இருக்கிறது என்று உறைக்கும். போர்வையை இழுத்துத் தலைக்கு மேலே மூடிக்கொள்வேன். ஜன்னலைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. காய்ந்த துணியை எடுக்க வெளியே வந்தேன். எதிரே கார் மரச் சாய்வில் ஏறி நின்றது. அடியில் அட்டை விரித்து, கஃப்தானை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு மாதவி படுத்திருந்தாள். துணியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன்.

"என்னடி பண்றே?"

"ஆயில் பாக்கறேன்க்கா."

"பானெட்டு எங்க தொறக்கறதுன்னு தெரியாதவ நீ."

அவள் வெளியே வந்தாள். பேசினில் வடித்த எண்ணெய். முக்காலியில் குரு வாங்கிப் போட்ட புது நட்டு. அப்படியானால் வண்டியில் பூட்டியிருப்பது எது என்று குனிந்து பார்த்தேன். மழை மேகத்தின் மங்கல் வெளிச்சத்திலும், நட்டின் பள்ளத்தில் திருநீறு வெள்ளையாக ஒட்டியிருந்தது தெரிந்தது. இத்தனை எண்ணெயில் ஊறியும் அது கரையவில்லை.

"உள்ள வாங்கக்கா. மழை வருது," என்றாள்.

அடுப்படியில் உட்கார வைத்துக் காப்பி கலந்தாள். கை கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. கூரையில் மழை இறங்கியது. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"அந்த முதல் ஞாயிறு," என்றாள். "பாங்கு சொல்றப்ப முழிப்பு வந்துச்சு. பலகை சத்தம் கேட்டுச்சு. கனவுன்னு நெனச்சேன். எந்திரிச்சு வந்து கதவ லேசா தொறந்தேன். கால் தெரிஞ்சிச்சுக்கா."

"யார் கால்?"

"அவரு கால்தான். வண்டிக்கு அடியிலேருந்து ரெண்டு பாதம் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. அந்தக் குதிகால் வெடிப்பு எனக்குத் தெரியாதா? நான்தானே மருந்து தேய்ப்பேன்."

"வண்டி தரையோட தரையா நிக்குது மாதவி. ஆளு எப்படி உள்ள போகும்?"

"நானும் அதத்தான் நெனச்சேன். ஆனா கால் இருந்துச்சு."

 காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"கூப்ட்டியா?"

"ஏங்கன்னு கூப்ட்டேன். பதில் இல்ல. வேலை பாக்கறப்ப என்னைக்குப் பதில் சொன்னாரு? காப்பி கலந்துட்டு வந்து கால் பக்கத்துல வச்சேன். இப்படித் திரும்பி அப்படிப் பாக்கறதுக்குள்ள கால் இல்ல. ஆயில் ஓடுது. நட்டு டயர் மேல இருக்கு."

"காப்பி?"

"அப்படியே இருந்துச்சு. ஆடை கட்டி."

குரு வேறு நட்டுப் போட்ட வாரம் அவள் பாங்குக்கு முன்பே எழுந்து காத்திருந்தாளாம். சத்தம் இல்லை, கால் இல்லை. குப்பையிலிருந்து பழைய நட்டைத் தேடி எடுத்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் படையல் நட்டைப் பூட்டி, எண்ணெயைத் திரும்ப ஊற்றி, வண்டியைத் தரையில் இறக்கி, அடியில் பேசினை வைத்துவிடுவாள். ஞாயிறு காலையில் அவர் கழற்றி வைத்ததும் நல்ல நட்டைப் போட்டு, எண்ணெயை வடிகட்டி ஊற்றிவிடுவாள். அதனால்தான் எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை.

"அது அவரு கையில குடுத்த சாமான்க்கா. அது வண்டியில இருந்தாதான் வர்றாரு."

"செத்தவங்க வரப்போக இருந்தா வீடு தாங்காதுடி. என் வீட்டுக்காரர் மட்டும் வரட்டும், கேட்டுக்கு ரெண்டு பூட்டு போடுவேன்."

அவள் சிரித்துவிட்டாள். "உங்க வீட்டுக்காரர் உங்கள அடிச்சாரு. இவரு என்கிட்ட சத்தம் போட்டதே இல்ல."

"பேசுனதும் இல்ல."

சொல்லியிருக்கக் கூடாது. அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பாக்கணும்க்கா," என்றாள். "சோபாவுல போனப்ப மொகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு. பெட்டியில பாத்தது அவரு மூஞ்சியே இல்ல. பவுடர் அடிச்சு, உதட்டுக்கு சாயம் பூசி, யாரையோ படுக்க வச்சிருந்தானுங்க. எனக்கு அவரு மூஞ்சி மறந்துக்கிட்டே வருது. கால்தான் ஞாபகம் இருக்கு."

நான் அழுதுவிட்டேன். அழுகையோடுதான் கேட்டேன். "பிள்ள அந்த வண்டியில ஹைவேயில ஓடறா மாதவி. ஒரு நாள் தப்பிப் போச்சுன்னா?"

"ஞாயித்துக்கிழம அவளுக்கு வேலை இல்ல. திங்கக்கிழம எடுக்கறப்ப நல்ல நட்டுதான் இருக்கும். ஒரு வாரமும் மறந்ததில்ல."

"இப்படி எத்தன நாளைக்கு?"

"அடியிலேருந்து வெளிய வர்ற வரைக்கும்."

நாளைக்குக் குருவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். சொல்லுங்க என்றாள். நாளைக் காலை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள். அவள் கேட்ட விதத்தில் எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

மறுநாள் பாங்குக்கு இருபது நிமிஷம் முன்னால் எதிர்வீட்டில் கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அரைத்தூக்கத்தில் கிடந்தேன். கேட் திறந்து மூடியது. வண்டி போய்விட்டது. அப்புறம்தான் தூக்கிவாரிப் போட்டது. ஜன்னலைத் திறந்தேன். காலியான போர்ச்சின் நடுவே காலிப் பேசின் மட்டும் இருந்தது.

போன வேகத்தில் செருப்பைக்கூடப் போடவில்லை. கதவைத் தட்டினால் மாதவி தலைக்குக் குளித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் காப்பியோடு வருகிறாள். நெற்றியில் திருநீறு. நல்ல புடவை வேறு. குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"வண்டி எங்கடி?"

அவள் என் தோளுக்கு மேலே போர்ச்சைப் பார்த்தாள். காப்பி கையிலிருந்து விழுந்தது. உள்ளே ஓடினாள். ஷாமினி படுக்கையில் இல்லை. ஹோட்டலில் யாருக்கோ உடம்பு சரியில்லை, சீக்கிரம் போகிறேன் என்று அம்மா போனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போயிருந்தாள். கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஓட்டும்போது எடுக்க மாட்டாள். அப்பா பழக்கிய பழக்கம். சூராவில் பாங்கு ஆரம்பித்தது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். மாதவி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திப் புண்ணாகிவிட்டது. அந்த நேரத்தை நான் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன்.

போன் அடித்தது. ஷாமினிதான். உயிரோடு இருக்கிறாள். அது போதும் என்று இருந்தது எனக்கு.

குரு போய் அவளை அழைத்து வந்தான். வண்டியை இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். என்ஜின் இறுகிப் போய்விட்டது. பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து, மைலோ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஷா ஆலம் தாண்டி போறேன் ஆன்டி. நைண்ட்டில போறேன். பின்னாடி ஒரு கண்டெய்னர் லோரி. திடீர்னு அடியில ஒரு சத்தம். க்ரீச் க்ரீச்னு. ஏதோ பலகை வண்டியோட கூடவே உருண்டு வர்ற மாதிரி. நான் ஸ்லோ பண்ணா அதுவும் ஸ்லோவாகுது. அப்புறம் டக்குனு ஒரு சத்தம். உடனே சிவப்பு லைட்டு, பீப் பீப்புன்னு. என்ஜின் செத்துப் போச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிருச்சு. எப்படி ஓரத்துக்கு இழுத்தேன்னு தெரியல. அந்த லோரி ஹார்ன் அடிச்சிக்கிட்டே உரசுற மாதிரி போனான்."

"கண்ணாடி, கதவெல்லாம் மூடித்தானே இருந்துச்சு?" என்று கேட்டான் குரு.

"லாக் பண்ணித்தான் சித்தப்பா இருந்துச்சு." அவள் பைக்குள் கைவிட்டு அதை எடுத்து மேசையில் வைத்தாள். "நிமிந்து பாத்தா இது டேஷ்போர்டுல, பிள்ளையாருக்குப் பக்கத்துல நிக்குது. சுத்தமா துடைச்சு வச்ச மாதிரி. யாரும்மா இத அங்க வச்சா?"

நட்டின் பள்ளத்தில் திருநீறு அப்படியே இருந்தது. குரு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான். ஒருவரும் அதைத் தொடவில்லை.

மாதவி மகள் பக்கம் குனிந்தாள். "கால் தெரிஞ்சிச்சா?" என்றாள்.

"என்ன கால்?"

"வண்டிய விட்டு எறங்கிப் பாத்தியா? அடியில கால் ஏதாச்சும்..."

"ஏண்டி!" என்று நான் கத்திவிட்டேன். "பிள்ள செத்துப் பொழச்சு வந்திருக்கா, நீ கால கேக்கறியா?"

அவள் மகளை அப்போதுதான் பார்த்தாள். நெற்றியில் இடித்த வீக்கத்தைப் பார்த்தாள். பிறகு ஷாமினியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். கருமாதியில்கூட அவள் அப்படி அழவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குரு தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்டான். ஷாமினி அம்மாவைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"உள்ள யாரு இருக்கான்னு கூட அவரு பாக்கலக்கா," என்றாள் மாதவி. "சொந்தப் பிள்ள ஓட்டுது. பின்னாடி லோரி வருது. பாங்கு சொன்னாச்சு, கழட்டியாச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "புது நட்ட ஒரு மனுஷன் கையில குடுத்தா அவருக்கு என்ன தோணும்? ஆயில் மாத்தணும்னுதானே தோணும்? நாந்தான் என்னைப் பாக்க வர்றாருன்னு நெனச்சிக்கிட்டேன். தலைக்குக் குளிச்சு, புடவை கட்டி. அவரு ஆயில் மாத்தத்தான் வந்தாரு."

 அவர் இருந்த காலத்திலும் அப்படித்தானே என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

அன்று மத்தியானமே கிளம்பினோம். அவருடைய சாம்பலைக் கரைத்த இடம் போர்ட் கிள்ளானில் ஒரு மீன்பிடிப் படகுத்துறை. குருவின் லோரியில் முன்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். நட்டை ஒரு வெற்றிலையில் சுற்றி மாதவி மடியில் வைத்திருந்தாள். மழைக்கு முந்தின புழுக்கம். படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. வலை காய்ந்த நாற்றம். சேற்று நிறத்தில் தண்ணீர் படிகளின் பாதிவரை ஏறியிருந்தது, இப்போது வற்றத் தொடங்கியிருந்தது. விட்டால் கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்றான் குரு.

மாதவி தண்ணீர் மூடிய முதல் படிக்கு இறங்கினாள். கணுக்கால் தண்ணீரில் இருந்தது. ஷாமினி அவள் கையை விடவில்லை.

"குடுத்தது குடுத்ததுதான்," என்றாள் மாதவி, தண்ணீரைப் பார்த்து. "நாங்க எடுத்தது தப்பு. ஒங்க சாமான நீங்களே வச்சிக்குங்க. பிள்ள வண்டிகிட்ட வராதீங்க."

வெற்றிலையைப் பிரித்து விட்டாள். இலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நட்டு போகவில்லை. கிண்ணம் மாதிரி குழிந்த சாமான், நிமிர்ந்தபடி மிதந்தது. வற்றுகிற தண்ணீரில் படகுக் கயிறுகள் எல்லாம் கடல் பக்கம் இழுபட்டு நிற்க, அது மட்டும் அவள் பாதத்துக்கு முன்னால் அசையாமல் நின்றது. குரு ஒரு கழியால் தள்ளிவிட்டான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினான். மறுபடியும் வந்தது. குரு கழியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு படி மேலே ஏறி நின்றுகொண்டான்.  முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அது திரும்பியது. நான் என் கண்ணால் பார்த்தேன். நீரோட்டத்தில் சுழல்வது வேறு, இது வேறு. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ விரலால் பிடித்துத் திருகுவது போல, நிதானமாக, சரியாக அரைத் திருப்பு. நின்றது. அப்படியே நேராகக் கீழே இறங்கிப் போய்விட்டது. ஒரு குமிழிகூட வரவில்லை.

குரு பெருமூச்சு விட்டான். "முடிஞ்சிச்சு. வாங்க அண்ணி, போலாம்."

மாதவி நகரவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கலைந்திருந்த முன்முடியை ஒதுக்கிச் சரி செய்தாள்.

"மாதவி, ஏறி வா. மழை வரப்போகுது," என்றேன்.

"கொஞ்சம் இருங்கக்கா," என்றாள். கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை. "நட்டக் கழட்டிட்டாருல்ல. இப்ப வெளிய வருவாரு."

ஷாமினி அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.